நல்லா இருக்கிற நானூறு பேர்

ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளலாம். கிடக்கிறவள் சுகிர்தா. பதினெட்டு முடிந்து ஒரு மாதமும் ஆறு நாளும் ஆன சுகிர்தா, காதில் பஞ்சும் பஞ்சுக்கு மேல் ஹெட்போனுமாக, முகத்தின் மேல் ஒரு வெள்ளைக் கூண்டைக் கவிழ்த்து, தலைக்கு இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சைத் திணித்து, இடுப்பு வரைக்கும் குழாய்க்குள் தள்ளிவிடப்பட்டுக் கிடந்தாள். கையில் ஒரு ரப்பர் பந்து. பயமா இருந்தா அமுக்குங்க என்றார் ஸ்கேன் எடுக்கும் இம்தியாஸ் அண்ணன். காலையில் கண் முழித்ததிலிருந்தே பயமாகத்தான் இருக்கிறது, அதற்காகக் காலையிலிருந்து அமுக்கிக்கொண்டேவா இருக்க முடியும்? கண்ணுக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடி, கண்ணாடிக்குள் ஒரு கூட்டல் குறி. அதையே பாருங்க, தூங்கிறாதீங்க, எதையும் நினைக்காதீங்க. முதல் இரண்டு சரி. மூன்றாவதை எந்த மடையன் கண்டுபிடித்தான்? நினைக்காதே என்றதுமே அம்மா நினைப்புதான் வந்தது. வெளியே வராந்தாவில் நீல நாற்காலியில், வலது கை தன் பாட்டுக்கு எதையோ பறிப்பது மாதிரி எழும்பி எழும்பி விழ, அந்தக் கையை இடது கையால் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டு, அதற்குள் கால் கிளம்பிவிட, அம்மா.

ஹெட்போனுக்குள் இம்தியாஸ் அண்ணன் வந்தார். "பாப்பா, அடுத்து பத்து நிமிஷம். சத்தம் ஜாஸ்தியா வரும். கார்ப்பரேஷன்காரன் ரோட்டத் தோண்டுறான்னு நெனச்சுக்கங்க. சிரிக்காதீங்க, சிரிச்சா தல ஆடும்." அவள் சிரிக்கவில்லை. டக் டக் டக் டக் என்று தொடங்கி, பிறகு தகரத்தில் ஆணியை இழுப்பது மாதிரி ஒரு சத்தம். அம்மாவையும் இதே பலகையில்தான் முதலில் படுக்க வைத்தார்கள். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, கதவு திறந்துவிட்டது. இம்தியாஸ் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, வெளியே நின்ற ஆராய்ச்சி மேடத்திடம், "ஆகாது மேடம், ரொம்ப ஆடுறாங்க, படம் பூரா கலங்கித் தெரியுது, வச்சுக்கிட்டும் பிரயோஜனமில்ல" என்றார். அப்போது சுகிர்தாவுக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. ஆட்டத்தைப் பற்றித்தானே ஆராய்ச்சி. ஆடுகிற நோய்க்காரர்களைக் கூப்பிட்டு வைத்து, நீங்கள் ஆடுகிறீர்கள், உங்கள் படம் வேண்டாம் என்றால் மிச்சம் யார்? கொஞ்சமாக ஆடுகிறவர்கள் மட்டும். அப்புறம் அவர்களை வைத்து, இந்த நோய் வந்தவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று எழுதுவார்கள். அம்மா அதில் வரமாட்டாள். காலையில் பஸ்ஸிலும் அப்படித்தான். ஏறும்போதே அம்மா கம்பியைப் பிடிக்கப் போய்ப் பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துவிட்டாள். கண்டக்டர், "ஏம்மா, காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டியா" என்றான். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். சுகிர்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஒரு பெட்ரோல் பங்க், ஒரு முருங்கை மரம், ஒரு பேனர். குடிக்கலய்யா, சீக்கு என்று அம்மாதான் சொன்னாள், அதையும் நாக்கு குழறிக் குடிகாரி மாதிரியே சொன்னாள். இவளுக்கு வாய் இருந்ததே. தெருவில் யாரைப் பார்த்தாலும் பட்டென்று கேட்டுவிடுகிற வாய். அந்த வாய் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதையாவது மன்னிக்கலாம். பஸ்ஸில் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். வராந்தாவில் சொன்னாளே. ஹேமலதா மேடம் அட்டையும் பேனாவுமாக வந்தார், ஆராய்ச்சிக்கு ஆள் சேர்ப்பவர், டாக்டர் இல்லை, கண்ணாடி போட்ட நல்ல மாதிரி அக்கா. நோயாளிகள் ஒரு இருநூறு பேர் வேண்டும், நன்றாக இருக்கிறவர்கள் ஒரு நானூறு பேர் வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். நன்றாக இருக்கிற நானூறு பேருக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரி வராந்தாவில் சீட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பாதிப் பேர் சீக்காளி என்றால் மீதிப் பேர் கூட வந்தவர்கள். அவர்களிடம்தான் கேட்கிறார்கள். ரத்த சொந்தமாக இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் கண்டிஷன். "நீ இந்தம்மாவுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார். ஒரு நொடி. ஒரு நொடிகூட இல்லை. "பக்கத்து வீடு" என்றாள் சுகிர்தா. அத்தை என்றுகூடச் சொல்லவில்லை, பக்கத்து வீடு, ஏதோ கட்டடத்தைச் சொல்வது மாதிரி. சொல்லிவிட்டு அம்மா பக்கம் பார்க்கவில்லை. அம்மாவின் தாடையும் தன் தாடையும் ஒரே அச்சு, ரேஷன் கடையில்கூடச் சொல்வார்கள், அந்த மேடம் எப்படிக் கவனிக்காமல் போனார்? அம்மாவின் முகம்தான் ஒரு இடத்தில் நிற்பதில்லையே, எப்படித் தெரியும். அப்போதுதான் அம்மா பேசினாள். "ஆமா தாயி, பக்கத்து வீட்டுப் பிள்ள. தங்கமான பிள்ள. ஆருமில்லன்னு கூட வந்திருக்கு." குழறலே இல்லாமல் சொன்னாள். ஒரு வருஷமாக இவ்வளவு தெளிவாக அம்மா பேசி இவள் கேட்டதில்லை. டக் டக் டக் டக். ஏன் அப்படிச் சொன்னாய் அம்மா? போடீ பொய்க்காரி என்று முதுகில் ஒன்று போட்டிருக்கலாமே.

மூக்கு அரிக்கிறது. அரிக்கட்டும். கூட்டல் குறி, கூட்டல் குறி. திருநெல்வேலி டாக்டர்தான் அந்தப் பேரைச் சொன்னார், ஹண்டிங்டன் என்று, வீட்டில் யாருக்கும் வாயில் நுழையவில்லை, ஆட்டம் என்றே சொல்லிக்கொண்டார்கள். இது பரம்பரையா வர்றது, பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி என்றார். பாதிக்குப் பாதி. அக்கா பெனிட்டாவும் இவளும் இரண்டு பேர், அப்படியென்றால் ஒருத்திக்கு உண்டு ஒருத்திக்கு இல்லை என்று இவள் கணக்குப் போட்டாள். அப்படியில்லம்மா, ரெண்டு பேருக்கும் வரலாம், ரெண்டு பேருக்கும் வராமலும் போகலாம், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பாதி என்று டாக்டர் திருத்தினார். பதினெட்டு ஆகட்டும், வேண்டுமென்றால் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் வேண்டாம் என்றார். அன்றைக்கு அம்மாவுடன் போனது இவள் மட்டும்தான். வெளியே வந்ததும் அம்மா சொன்னாள், "ஏட்டி, அக்காகிட்ட மூச்சு விடாத. தை மாசம் கல்யாணம். மாப்ள வீட்டுல நரம்புத் தளர்ச்சின்னு சொல்லியாச்சு, அதுவே இருக்கட்டும்." இருக்கட்டும் என்றால் எங்கே இருக்கும்? இவள் நெஞ்சில் இருக்கும். அன்றையிலிருந்து தினமும் காலையில் எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்து, அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் கொண்டுபோய்ப் பார்ப்பாள். சிந்தாவிட்டால் அன்றைக்கு இல்லை. ஒருநாள் சிந்தியது, பூனை குறுக்கே வந்தது, பூனையால்தானே, பூனையால்தான், ஆனால் பூனை வராவிட்டாலும் சிந்தியிருக்குமோ என்று சாயங்காலம் வரை சாப்பாடு இறங்கவில்லை. ரத்தம் கொடுக்கப் பயம். ரத்தம் ஆமா இல்லை என்று இரண்டே வார்த்தையில் முகத்தில் அறைந்துவிடும். இந்த மெஷின் அப்படியில்லை என்று நினைத்தாள். சும்மா படுத்திருந்தால் போதும், பெரிய டாக்டர் யாராவது படத்தைப் பார்த்து, ஏதாவது கோணல் இருந்தால் கூப்பிட்டுச் சொல்வார், கூப்பிடாவிட்டால் ஒன்றுமில்லை. அதற்காகத்தான் பக்கத்து வீடு. வேறு எதற்காக?

கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஹேமலதா மேடம் விளக்கினார், முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். தனியாக யாருக்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். "ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு சைஸ்ல இருக்கும்லமா. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல இழுத்து, அமுக்கி, ஒரே சைஸுக்குக் கொண்டுவந்து, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிடுவோம். நானூறு பேருக்கு ஒரு சராசரி மூளை. அந்த இருநூறு பேருக்கு ஒரு சராசரி மூளை. ரெண்டுக்கும் எங்கெங்க வித்தியாசம்னு பாப்போம். நீங்க உங்க பேரா இருக்க மாட்டீங்க, முந்நூத்திப் பதினொண்ணா இருப்பீங்க." சராசரி இவளுக்குத் தெரியும். திட்ட விலக்கம்கூடத் தெரியும், பத்தாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண் கேள்வி, சராசரியிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று வர்க்கப்படுத்தி, கூட்டி வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கணக்கு அவளுக்கு நன்றாகத்தான் வந்தது. ப்ளஸ் டூவில் அம்மாவுக்காக இருபத்தாறு நாள் லீவு போட்டாள், அரையாண்டில் இரண்டு பாடம் போயிற்று. தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு உட்கார வைத்தபோதே புரிந்துவிட்டது. "சுகிர்தா, நீ வீட்ல இருந்து அம்மாவப் பாரு. பிரைவேட்டா எழுதிக்கலாம். இப்ப நீ இங்க இருந்து எழுதி ஃபெயிலானா ஸ்கூலுக்கு என்ன பேரு வரும் சொல்லு? நீயே யோசிச்சுப் பாரு." யோசித்துப் பார்த்தாள். டி.சி.யை மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டு வந்தாள். மே மாதம் பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டினார்கள், நூறு சதவீதத் தேர்ச்சி என்று, பலூன் படம் போட்டு. இவளையும் இன்னும் ஐந்து பேரையும் எடுத்துவிட்டு வந்த நூறு. அந்த பேனருக்குக் கீழே நின்று வாய்விட்டுத் திட்டினாள், வாட்ச்மேன் விரட்டினார்.

நூறு என்பது பொய் என்று அன்றைக்குத் திட்டினாயே. டக் டக் டக் டக். இப்போது நானூறு? சும்மா இரு. மூக்கு. கட்டை விரல். கட்டை விரல் இப்போது அசைந்ததா? பந்தைப் பிடித்திருக்கிற கை, பந்து மெத்தென்று இருக்கிறது, மெத்தென்று இருப்பதைப் பிடித்தால் விரல் கொஞ்சம் அமுங்கும், அது அசைவு இல்லை. அம்மாவுக்கும் கட்டை விரலில்தான் தொடங்கியது. கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்த கட்டை விரல் தாளம் போட்டது, பாட்டு முடிந்த பிறகும் போட்டது, இவள் அப்போது எட்டாம் வகுப்பு, அம்மாவுக்கு இன்னும் பாட்டு ஓடுகிறது போல என்று நினைத்துச் சிரித்தாள். கூட்டல் குறி. ஒருவேளை இந்தத் தலைக்குள் அது தொடங்கியிருந்தால்? தொடங்கியிருக்கிற தலையைக் கொண்டுபோய் நன்றாக இருக்கிற நானூறில் அடுக்குவார்கள். இழுத்து, அமுக்கி. நானூறில் ஒன்றுதானே, ஒன்றால் சராசரி என்ன குடியா முழுகும்? ஆனால் வராந்தாவில் இவள் மட்டுமா உட்கார்ந்திருக்கிறாள்? கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவள், மாப்பிள்ளை பார்க்கிறவன், நோயாளிக்குத் தம்பியாக இருந்துகொண்டு நண்பன் என்று சொல்கிறவன், நாலு பேர் கேட்க அப்பாவுக்கு இது என்று சொல்ல வெட்கப்படுகிறவன், எத்தனை பக்கத்து வீடுகள். எல்லாரும் இந்த நல்ல கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டால், நல்ல மூளை கொஞ்சம் கொஞ்சமாக அம்மா பக்கமாகச் சாயும். அந்தப் பக்கத்திலிருந்தோ நன்றாக ஆடுகிறவர்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள், அதுவும் இந்தப் பக்கமாகச் சாயும். இரண்டும் கிட்டக் கிட்ட வந்து, கடைசியில் வித்தியாசம் பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதுவார்கள். ஒன்றுமில்லையா? வாங்க, எங்க வீட்டுக்கு வாங்க. சோற்றுக் கிண்ணம் பறப்பதைப் பாருங்கள், தூக்கத்தில் மட்டும் அடங்கிக் கிடக்கிற அந்த உடம்பைப் பாருங்கள், கண்டக்டர் கேட்டதைக் கேளுங்கள். சரி, அதற்கு நான் என்ன செய்ய? எழுந்து போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார்கள், மறுபடியும் டி.சி. சொல்லாவிட்டால் முந்நூற்றுப் பதினொன்று. இதுவரைக்கும் யாரும் அவளை நன்றாக இருக்கிறவர்கள் பட்டியலில் எழுதியதே இல்லை. கண்ணிலிருந்து ஒரு சொட்டு காதுக்குள் இறங்கிப் பஞ்சில் ஊறியது. அழலாம், தலை ஆடாமல் அழத் தெரிந்தால் அழலாம். அவளுக்குத் தெரிந்திருந்தது.

சத்தம் நின்றது. பலகை வெளியே வந்தது. கூண்டைத் தூக்கிய இம்தியாஸ் அண்ணன் முகமெல்லாம் பல்லாக நின்றார். "பாப்பா, நீங்க மனுஷியா செலையா? அசைவு எவ்வளவுன்னு கம்ப்யூட்டர்ல ஒரு கோடு வரும். எல்லாருக்கும் மலையும் பள்ளமுமா வரும். உங்களுக்கு ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி. முந்நூத்திப் பதினோரு பேர்ல இப்படி ஒருத்தரப் பாத்ததில்ல." விளிம்பு வரைக்கும் நிறைந்த டம்ளர், நாற்பது நிமிஷம், ஒரு சொட்டு சிந்தவில்லை. பலகையில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டாள். "அப்ப அந்த ஆட்டம் எனக்கு வராதுல்லாண்ணே?" அவர் ஸ்பாஞ்சை அடுக்கிக்கொண்டே, யாரோ பொதுவாகக் கேட்ட கேள்வி மாதிரி பதில் சொன்னார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. ஆட்டம் கடைசியிலதான் வெளிய தெரியும். உள்ள பத்து வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்னு டாக்டருங்க சொல்லுவாங்க. அதத்தான இந்த ஆராய்ச்சியில தேடுறாங்க. செருப்பு அந்தப் பக்கம் இருக்கு, பாத்து எறங்குங்க." பாத்து இறங்கினாள். பத்து வருஷம். இத்தனை நாளாகக் காலையில் சுமந்த அத்தனை டம்ளரும் ஒரே நேரத்தில் கவிழ்ந்த மாதிரி இருந்தது. காலுக்குக் கீழே தரை குளிர்ந்து கிடந்தது. செருப்பில் வலது எது இடது எது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வராந்தாவில் அம்மா அதே நீல நாற்காலியில். எதிரே ஹேமலதா மேடம் முட்டியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். படம் எடுக்க முடியாவிட்டாலும் விவரம் வேண்டுமாம். "பேரு மரிய புஷ்பம், வயசு நாப்பத்தி மூணு" என்று வாசித்துவிட்டு, "புள்ளைங்க எத்தன பேரும்மா?" என்று கேட்டார். அம்மாவின் கை கிளம்பியது, அதைப் பிடித்து அமுக்கினாள், சுகிர்தா வருவதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே சொன்னாள். "பிள்ள இல்ல தாயி." மேடம் ஒரு சின்னக் கோடு போட்டார். பிள்ளைகள் என்று அச்சடித்த இடத்துக்கு நேராக ஒரு கோடு. எவ்வளவு சுலபமாகப் போட்டார். அந்தக் கோட்டில் பெனிட்டா போனாள், அம்மா எட்டு மாதத்தில் பெற்று இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றிய சுகிர்தாவும் போனாள். "மேடம்" என்றாள். குரல் பெரிதாக வந்துவிட்டது, நாலு நாற்காலிக்காரர்கள் திரும்பினார்கள். திரும்பட்டும். "ரெண்டு. ரெண்டு பொண்ணு. எங்கக்கா ஒண்ணு, நான் ஒண்ணு. இது எங்கம்மா." மேடம் பேனாவை நிறுத்திவிட்டு இவள் முகத்தைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார். "அப்ப உன் ஸ்கேன லிஸ்ட்லருந்து எடுத்துடணும்மா. நல்லா வந்திருக்குன்னு இம்தியாஸ் இப்பதான் மெசேஜ் போட்டாரு." "எடுத்துருங்க." "உனக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. டாக்டர்கிட்ட பேசிட்டு, நீ விரும்பினா ரத்தம் குடுத்து..." "இன்னிக்கு வேண்டாம் மேடம்." மேடம் தலையாட்டிவிட்டு வேறொரு தாளை எடுத்தார், முந்நூற்றுப் பதினொன்றைத் தேடினார், ஸ்கேல் இல்லாமல் கையாலேயே குறுக்கே அடித்தார். பிறகு இந்தத் தாளில் கோட்டுக்கு மேல் இரண்டு என்று எழுதினார். "இங்க கேட்டது எதுவும் வெளிய போகாதும்மா" என்று அம்மாவிடம் மெல்லச் சொல்லிவிட்டு, அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அம்மா மேடம் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் எதையோ மென்றது, சொல் வெளியே வர நேரமாயிற்று. "ஏம்ட்டி சொன்ன?" என்றாள். "என்னையத்தான் அந்த மெசினுலயும் வேண்டாம்னுட்டான். ஒரு எடத்துலயாவது நீ நல்லா இருக்க கூட்டத்துல இருந்திருப்பல்லா. நான் பாட்டுக்கு அத நெனச்சுட்டே கெடந்திருப்பேன்லா." "அந்தக் கூட்டத்துல நான் ஒனக்குப் பிள்ள இல்லியேம்மா" என்றாள் சுகிர்தா. அம்மாவின் கண் சிவந்தது. இந்த முறை கை தானாகக் கிளம்பவில்லை, அம்மா ஓங்கினாள், ஓங்கியது கன்னத்தைப் பார்த்துத்தான், ஆனால் நடுவழியில் அது வேறெங்கோ வளைந்து போய் நாற்காலியின் இரும்புக் கையில் டங்கென்று மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். அம்மா விரலை உதறினாள், அதுவாகவும் உதறியது. "கிட்ட வாட்டி" என்றாள். சுகிர்தா முட்டி போட்டு, கன்னத்தை அம்மாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் கொண்டுபோய் வைத்து, ஆடாமல் இருந்தாள்.